உடைந்து வந்த வால்வ் ரேடியோ: இழப்பீட்டுக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

பெட்டியைத் தூக்கும்போதே தெரிந்துவிட்டது. உள்ளே கனமாக ஏதோ ஒன்று உருண்டு பக்கவாட்டில் இடித்தது. பார்சல் கொண்டுவந்த பையன் அவசரத்தில் இருந்தான். பெட்டியின் ஒரு மூலை மட்டும் லேசாக நசுங்கியிருந்தது, மற்றபடி வெளியே ஒரு கீறல் இல்லை. அவன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். 'சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று அதில் அச்சடித்திருந்ததை மறுநாள்தான் படித்தேன்.

உள்ளே இருந்தது 1950-களைச் சேர்ந்த பேக்கலைட் (பழங்காலப் பிளாஸ்டிக்) கூண்டு வால்வ் ரேடியோ. ஸ்டேஷன் சரியாகச் சிக்கும்போது குவிந்து ஒளிரும் பச்சை 'மேஜிக் ஐ' வைத்த செட். மும்பை மாட்டுங்காவில் இருக்கும் ஒரு பெரியவரிடம் 28,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். பார்சல் கட்டணம் 1,450. பிரித்துப் பார்த்தால், டிரான்ஸ்பார்மரைச் சேசிஸோடு (பாகங்கள் பொருத்தும் உலோகத் தட்டு) பிடித்திருந்த போல்ட்டுகள் பிய்ந்து, அந்த இரண்டு கிலோ இரும்பு உள்ளேயே உருண்டு, கூண்டின் முன்பக்கத்தை நான்கு துண்டாக்கியிருந்தது. டயல் கண்ணாடி தூள். ரேடியோ உள்ளிருந்தே உடைந்திருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு முன்னால் ஐந்தாறு வழிகள் இருந்தன. பார்சல் கம்பெனியைக் கேட்பது, விற்றவரைக் கேட்பது, இன்சூரன்ஸ் இருந்தால் அங்கே போவது, நுகர்வோர் ஆணையம், இல்லாவிட்டால் பேசாமல் பசையை எடுத்து ஒட்டுவது. இதன் பிறகு இரண்டு வருடத்தில் என் கேஸ் ஒன்று, மதுரை நண்பர் ஒருவரின் கேஸ் ஒன்று என இரண்டையும் கடைசிவரை பார்த்தாயிற்று. ஒவ்வொரு இடத்திலும் உங்கள் பொருளுக்கு ஒவ்வொரு விலை வைக்கிறார்கள். யார் தப்பு என்று கேட்பதைவிட, யாருடைய கணக்கில் என் ரேடியோ 28,000, யாருடைய கணக்கில் அது வெறும் பழைய சாமான் என்று கேட்பதே உருப்படியான கேள்வி.

பார்சல் கம்பெனி: புக்கிங் தாளான எல்.ஆரில் என்ன எழுதியிருக்கிறது?

எல்லோரும் முதலில் ஓடுவது இங்கேதான். சட்டமும் நம் பக்கம் இருப்பதுபோலத் தோன்றும். 1865ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, வழக்கு என்று வந்தால் கம்பெனியின் அலட்சியத்தால்தான் உடைந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. நல்லபடியாக ஒப்படைத்தோம், உடைந்து வந்தது என்று காட்டினால் போதும். பதில் சொல்ல வேண்டியது அவர்கள்.

ஆனால் தொகை என்று வரும்போது அதே சட்டம் கையைக் கட்டிவிடுகிறது. கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்கு, பார்சல் கட்டணத்தின் பத்து மடங்குதான் உச்சவரம்பு என்று 2011ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. என் கணக்கில் 14,500. பாதிக்குப் பாதியாவது வருகிறதே என்று நினைத்தேன். அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது: புக்கிங் தாளில் அறிவித்த மதிப்பை அந்தத் தொகை தாண்டக் கூடாது. எல்.ஆரை எடுத்துப் பார்த்தேன். 'பழைய ரேடியோ, வீட்டு உபயோகம், மதிப்பு ரூ. 500.'

பெரியவருக்கு போன் போட்டேன். "தம்பி, ஐநூறுன்னு போட்டாத்தான் ஒருத்தனும் கேள்வி கேட்க மாட்டான், சீக்கிரம் போய்ச் சேரும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முப்பது வருடமாக அப்படித்தான் அனுப்புகிறார். பழைய சாமான் சேகரிப்பவர்கள் வட்டத்தில் பெரும்பாலான பார்சல்கள் இந்த ஐநூறு ரூபாயில்தான் ஊர் ஊராகப் போகின்றன.

ஐந்து வாரம் மெயில் அனுப்பிய பிறகு கம்பெனி கொடுக்க முன்வந்ததும் அதே ஐநூறுதான். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் தாளில் இருந்ததைத்தான் சொன்னார்கள். கையெழுத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு நம்மூர்க்காரர்கள் அடிக்கடி சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. பாரதி நிட்டிங் கம்பெனிக்கும் டி.எச்.எல். கூரியருக்கும் நடந்த அந்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம், கூரியர் தாளில் கையெழுத்திட்டவரை அதிலுள்ள 100 டாலர் வரம்பு கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது. கேட்டதோ நான்கு லட்சத்துக்கு மேல். படிக்க முடியாத பொடி எழுத்தையும், கையெழுத்தே வாங்காத நிபந்தனையையும் ஒதுக்கித் தள்ளிய தீர்ப்புகள் பிற்பாடு வந்திருப்பது உண்மைதான். ஆனால் அதை நம்பி இறங்கினால் வருடக்கணக்கில் நடக்க வேண்டும்.

அதனால் இந்த வழியே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. பணம் வந்தாலும் வராவிட்டாலும் பார்சல் கம்பெனிக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். 2007 சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் அப்புறம் வழக்கே போட முடியாது. டெலிவரி தேதியிலிருந்து அல்ல, புக்கிங் தேதியிலிருந்து. இந்த நோட்டீஸ் மற்ற வழிகளுக்கும் தேவைப்படுகிறது, அதைக் கீழே சொல்கிறேன். கூடவே கிளையில் போய் 'டேமேஜ் சர்டிபிகேட்' கேட்டு வாங்குங்கள். முதலில் மழுப்புவார்கள். டெலிவரிக்குக் கையெழுத்து வாங்கும் பி.ஓ.டி. தாளில் 'பெட்டி மூலை நசுங்கியுள்ளது, உள்ளே சத்தம் கேட்கிறது, பிரித்துப் பார்க்கவில்லை' என்று கையாலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதிகம் மழுப்ப முடியாது. என்னைப்போல் வெறும் கையெழுத்துப் போட்டிருந்தால், உடைந்தது உங்கள் வீட்டில்தான் என்பார்கள்.

புக்கிங்கின்போதே 'ஓனர்ஸ் ரிஸ்க்' (சேதம் நம் பொறுப்பு), 'கேரியர்ஸ் ரிஸ்க்' (சேதம் கம்பெனி பொறுப்பு) என்று இரண்டு ரேட் உண்டு. எஃப்.ஓ.வி. என்று பில்லில் ஒரு தொகை வருமே, அது இதுதான். கேரியர்ஸ் ரிஸ்க்குக்குச் சரக்கு மதிப்பில் கம்பெனி சொல்லும் விழுக்காட்டைக் கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்டினால் மேலே சொன்ன பத்து மடங்கு வரம்பிலிருந்து வெளியே வரலாம். கண்ணாடி, பழைய பொருள், உடையும் பொருள் என்றால் சில கிளைகளில் கேரியர்ஸ் ரிஸ்க்கில் எடுக்கவே மாட்டார்கள். எடுக்காததும் நமக்கு ஒரு தகவல்தான்.

விற்றவர்: சட்டம் இருக்கிறது, சங்கடமும் இருக்கிறது

1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-வது பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை. விற்றவர் பொருளைப் பார்சல்காரரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்ததாகத்தான் முதல் கணக்கு. அந்த வரியோடு நிறுத்திவிட்டால் நமக்கு ஒன்றுமில்லை. அடுத்த உட்பிரிவு, பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டைப் பார்சல்காரரோடு விற்றவர் செய்திருக்க வேண்டும் என்கிறது. செய்யாமல் விட்டு, வழியில் உடைந்தால், அவரிடமே இழப்பீடு கேட்கலாம். 28,000 ரூபாய்ப் பொருளை 500 என்று எழுதி அனுப்புவது நியாயமான ஏற்பாடா? ஆகாது என்று வாதாட இடமிருக்கிறது. அதோடு, டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டை அனுப்பும்போது சேசிஸைக் கூண்டிலிருந்து கழற்றித் தனியாகக் கட்டுவது இந்தப் பொழப்பில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். வால்வுகளைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்திருந்தார் பெரியவர். சேசிஸைக் கழற்றவில்லை.

ஆனால் மாட்டுங்காப் பெரியவர்மேல் வழக்குப் போடுவதா? எழுபது வயது தாண்டியவர். நாளைக்கு அவரிடம் இன்னொரு நல்ல செட் வரும். இந்த வட்டம் சின்னது, பேர் கெட்டால் கெட்டதுதான். நான் உடைந்த துண்டுகளின் போட்டோவை அனுப்பி, யாரையும் குறை சொல்லாமல், என்ன செய்யலாம் ஐயா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து 12,000 ரூபாய் திருப்பி அனுப்பினார். சட்டப்படி எவ்வளவு கிடைத்திருக்கும் என்பது வேறு கணக்கு. எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய தொகை இதுதான், அதுவும் வேகமாக.

முகம் தெரியாத கடைக்காரரிடமோ ஆன்லைனிலோ வாங்கியிருந்தால் தயங்க வேண்டாம். பணம் கொடுத்த விதத்தைப் பாருங்கள். யு.பி.ஐ.யில் ஆளுக்கு ஆள் அனுப்பிய பணத்தைத் திரும்ப இழுக்க வழியில்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பேங்க்கில் சார்ஜ்பேக் கேட்கலாம். ஈபே மாதிரித் தளங்களில் வாங்கியவருக்கான பாதுகாப்புத் திட்டம், சொன்னபடி பொருள் வராவிட்டால் 30 நாளுக்குள் கேட்கச் சொல்கிறது. அங்கே விற்றவர்தான் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், பார்சல் கம்பெனியோடு அவர் மல்லுக்கட்டட்டும். சீக்கிரமே பூட்டிக்கொள்ளும் கதவு இது என்பதால், நாள் எண்ணிக்கொள்ளுங்கள்.

டிரான்சிட் இன்சூரன்ஸ்: என் ஓட்டு இதற்கு, சில நிபந்தனைகளோடு

மதுரை நண்பரின் கேஸுக்கு வருவோம். அவர் இசைத்தட்டு சுழற்றும் கேரார்ட் 401 டர்ன்டேபிள் ஒன்றைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தார். 1960-களில் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் தயாரிக்கத் தொடங்கிய மாடல். கேரார்ட் பிரியர்கள் இதற்காகச் சொத்தை எழுதிக் கொடுக்கவும் தயார். அவர் கணக்குப் பார்த்துச் செய்யும் ஆள். அனுப்புவதற்கு முன்பே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரே பயணத்துக்கான டிரான்சிட் பாலிசி எடுத்தார். பழைய பொருளுக்குக் கொடுக்கமாட்டோம் என்று இரண்டு இடத்தில் மறுத்தார்கள். மூன்றாவது இடத்தில் பில், போட்டோ, ஒரு கடைக்காரரின் மதிப்பீட்டுக் கடிதம் எல்லாம் கொடுத்து, 85,000 ரூபாய் என்று ஒப்புக்கொண்ட மதிப்பில் எடுத்தார். பிரீமியம் ஆயிரத்துக்கும் கீழேதான்.

இங்கே பாலிசியின் கிளாஸ், அதாவது எந்த ஆபத்துகளுக்குப் பாதுகாப்பு என்று சொல்லும் பிரிவு, என்ன என்பதுதான் எல்லாம். உள்நாட்டுப் பயணத்துக்கு ஏ, பி, சி என மூன்று உண்டு. சி என்றால் தீ, மின்னல் மட்டும். பி என்றால் அதோடு வண்டி மோதல், கவிழ்தல், பாலம் உடைதல் போன்றவை. குடோனில் ஒருவர் பெட்டியைத் தூக்கிப் போட்டதில் உடைந்தால் பி-யிலும் ஒரு பைசா வராது. நம் பொருள்கள் உடைவதெல்லாம் இப்படித்தான், லாரி கவிழ்ந்து அல்ல. ஏ எடுத்தால்தான் பொதுவான எல்லா ஆபத்துக்கும் பாதுகாப்பு. மலிவாக இருக்கிறதே என்று பி எடுத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

டர்ன்டேபிள் வந்தபோது மரத்தாலான அடிப்பெட்டி பிளந்து, டோன் ஆர்ம் வளைந்திருந்தது. நண்பர் எதையும் கலைக்காமல் அப்படியே விட்டு, இன்சூரன்ஸுக்குத் தகவல் சொன்னார். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். அவர் முதலில் பார்த்தது டர்ன்டேபிளை அல்ல, பெட்டியை. தெர்மோகோல் எத்தனை இன்ச், கனமான தட்டு தனியாகக் கழற்றிக் கட்டப்பட்டிருந்ததா, மோட்டாரை அசையாமல் பிடிக்கும் போக்குவரத்து ஸ்க்ரூக்கள் இறுக்கியிருந்தனவா என்று ஒவ்வொன்றாக போட்டோ எடுத்தார். காரணம் இருக்கிறது. ஏ கிளாஸிலும் 'போதாத பேக்கிங்' விலக்கு. பேக்கிங் சரியில்லை என்று சர்வேயர் ஒரு வரி எழுதிவிட்டால் கதை முடிந்தது. என் ரேடியோ மட்டும் அங்கே இருந்திருந்தால், வெளிப்பெட்டி நன்றாக இருக்க உள்ளே டிரான்ஸ்பார்மர் உருண்டதைப் பார்த்து, ஏ கிளாஸிலும் நிராகரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பிறகு வந்தது மதிப்புப் பேச்சு. சாதாரண மின்சாதனம் என்றால் சர்வேயர் வயதைப் பார்த்துத் தேய்மானம் கழிப்பார். அறுபது வருடப் பொருளுக்குத் தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது இரும்பு விலை. சேகரிப்புப் பொருளுக்கோ வயது ஏற ஏறத்தான் விலை. ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி எடுத்ததன் பலன் இங்கேதான் தெரிந்தது. 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டப்படி, மோசடி இல்லாத வரை, பாலிசியில் ஒப்புக்கொண்ட மதிப்பை இரு தரப்பும் பின்னால் மாற்றிப் பேச முடியாது. கப்பல் சரக்குக்காக எழுதிய சட்டம் என்றாலும், லாரி, ரயில் பயணத்துக்கு எடுக்கும் பாலிசிகளிலும் அதே வழக்கம்தான்.

பகுதி சேதம் என்றால் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். நல்ல நிலையில் இன்று சந்தை விலை என்ன, உடைந்த நிலையில் என்ன, இரண்டுக்குமான வித்தியாசம் எத்தனை விழுக்காடு, அத்தனை விழுக்காட்டை ஒப்புக்கொண்ட மதிப்பில் கொடுப்பது. நண்பர் கேஸில் நல்ல நிலை விலை ஒரு லட்சம் என்றும் உடைந்த நிலையில் 60,000 என்றும் முடிவானது. நாற்பது விழுக்காடு. 85,000-ல் நாற்பது விழுக்காடு 34,000. அதிலிருந்து எக்சஸ், அதாவது நாமே ஏற்க வேண்டிய பங்கைக் கழித்துக் கொடுத்தார்கள். பழுதுபார்க்கும் செலவை மட்டும் பார்த்திருந்தால் இதில் பாதிதான் வந்திருக்கும். தச்சர் கூலி ஒன்றும் பெரிதில்லை. ஒரிஜினல் அடிப்பெட்டி போனால் விலையில் விழும் பள்ளம்தான் பெரிது. சேகரிப்பவர்களின் இந்த வலியைப் புரிந்துகொள்ளும் ஒரே கணக்கு முறை இதுதான்.

ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. மோட்டாரில் புதிதாக ஒரு இரைச்சல் வந்திருந்தது. வெளியில் அடிபட்ட தடயம் இல்லாமல் உள்ளே மின்கோளாறோ இயந்திரக் கோளாறோ வந்தால் கிடையாது என்று பாலிசியில் இருந்தது. பழைய சாதனங்களுக்கான பாலிசிகளில் இந்த விலக்கும், கீறல், நசுங்கல், துரு ஆகியவற்றுக்கான விலக்கும் பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் இந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

இன்னொன்று. இன்சூரன்ஸ் பணம் கொடுத்துவிட்டு, உங்கள் இடத்தில் நின்று பார்சல் கம்பெனியிடம் வசூல் செய்யும் உரிமையை எடுத்துக்கொள்ளும். அதற்காக ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அந்த 180 நாள் நோட்டீஸை நீங்கள் கொடுக்காமல் விட்டு அந்த உரிமை செத்துப்போயிருந்தால், உங்கள் தொகையில் கை வைப்பார்கள். முன்னே நோட்டீஸைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னது இதற்குத்தான்.

நண்பருக்குப் பணம் வர இரண்டரை மாதம் ஆனது. நடுவில் ஒருமுறை ஃபைல் காணாமல் போய்க் கிடைத்தது. மறுத்திருந்தால் தேனாம்பேட்டையில் இருக்கும், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம் என்று தயாராக இருந்தார். தமிழ்நாடும் புதுச்சேரியும் அந்த அலுவலகத்தின் எல்லைக்குள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை கேட்கலாம். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுதி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்த பிறகு ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

தபால், வெளிநாட்டு பார்சல்

தபாலில் அனுப்பியிருந்தால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பீட் போஸ்ட்டில் பொருள் சேதமானால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. நெடுநாள் வழக்கம் இது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டத்திலும், விதியில் சொன்னதற்கு மேல் தபால்துறைக்குப் பொறுப்பில்லை. இன்சூர் செய்து அனுப்பினால் மட்டுமே பேச்சு. பத்துக் கிலோவுக்குக் கீழே, உடையாத உதிரிப் பொருள்களுக்குத் தபாலே போதும். கண்ணாடி என்றாலும், வால்வுகளைக்கூட நான் இன்றும் தபாலில்தான் வாங்குகிறேன்.

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தால் மான்ட்ரியல் உடன்படிக்கை வருகிறது. சேதத்தை 14 நாளுக்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பதினைந்தாம் நாள் சொன்னால் வழக்கே கிடையாது. இழப்பீடு எடைக்குத்தான்: 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). பதினைந்து கிலோ பெட்டி என்றால் 390 எஸ்.டி.ஆர்., நம் பணத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம். கனமான பழைய ஆம்ப்ளிஃபையருக்கு இது பரவாயில்லை, முக்கால் கிலோ கேமராவுக்கு இது பிச்சைக்காசு. வெளிநாட்டுத் தபாலில் வந்த பார்சலுக்கு இந்தக் கணக்கும் இல்லை, தபால் விதிதான்.

கூரியரில் 'டிக்ளேர்ட் வேல்யூ' கூட்டிப் போட்டுவிட்டேன், அது இன்சூரன்ஸ்தானே என்று கேட்பவர்கள் அதிகம். அல்ல. அது அவர்களின் பொறுப்பின் உச்சவரம்பு, அவ்வளவே. ஃபெடெக்ஸ் போன்ற கம்பெனிகள் பழம்பொருள், சேகரிப்புப் பொருள், இருபது வருடத்துக்கு மேற்பட்ட இசைக்கருவி ஆகியவற்றுக்கு 1,000 டாலருக்கு மேல் மதிப்பு அறிவிக்க விடுவதே இல்லை. ஐயாயிரம் டாலர் கிட்டாருக்கும் ஆயிரம்தான். கஸ்டம்ஸுக்குப் பயந்து இன்வாய்ஸில் 50 டாலர் என்று எழுதச் சொல்லியிருந்தால், இழப்பீட்டுக் கணக்கும் அந்த 50-லிருந்துதான் தொடங்கும்.

நுகர்வோர் ஆணையம், இல்லாவிட்டால் பசை

நுகர்வோர் ஆணையத்தைக் கடைசியாக வைக்கிறேன், மட்டமானது என்பதற்காக அல்ல. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2019 சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடம் அவகாசம். வீட்டிலிருந்தே ஆன்லைனில் பதியலாம். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் புகார் சொன்னால், சில கம்பெனிகள் அதற்கே இறங்கி வருவார்கள். எல்.ஆரில் உண்மை மதிப்பு எழுதி, பேக்கிங்குக்கு போட்டோ ஆதாரம் வைத்து, கம்பெனி காரணமில்லாமல் இழுத்தடித்தால் இதுவே சரியான இடம். என்னிடம் இருந்ததோ ஐநூறு ரூபாய் எல்.ஆரும், 'நல்ல நிலையில்' என்ற என் கையெழுத்தும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று விட்டுவிட்டேன்.

எதுவும் கேட்காமல் ஒட்டிவிடுவதும் ஒரு வழிதான், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஐயாயிரத்துக்குக் கீழே உள்ள சேதத்துக்கு நான் இப்போது வேறெதையும் யோசிப்பதில்லை. ஆனால் பேக்கலைட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 1907-ல் பேக்லாண்ட் கண்டுபிடித்த இந்தப் பொருள் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. சூடு காட்டி ஒட்ட முடியாது. நிறம் கலந்த எபாக்ஸியில் ஒட்டி, தேய்த்து, பாலிஷ் போட்டால் மூன்றடி தூரத்தில் தெரியாது, ஓரடியில் தெரியும். அதோடு, இழப்பீடு கேட்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், முடியும்வரை பசைப் பக்கம் போகவே கூடாது. சேதத்துக்குச் சாட்சியே அந்தத் துண்டுகள்தான்.

ஆக, என் கணக்கு இப்படி. ஐயாயிரம் வரை ஒட்டு. அதற்கு மேல் இருபத்தைந்தாயிரம் வரை என்றால் தெரிந்த விற்பனையாளரிடம் பேசு, தெரியாதவர் என்றால் பணம் கட்டிய வழியே திரும்பக் கேள். நோட்டீஸ் மட்டும் பார்சல் கம்பெனிக்குப் போகட்டும். இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் என்றால் ஏ கிளாஸ், ஒப்புக்கொண்ட மதிப்பு, மரக் கிரேட் மூன்றும் இல்லாமல் அனுப்பச் சொல்லாதே.

போன மாதம் ஒரு ரேடியோவைச் சேலத்து நண்பர் ஒருவருக்கு அனுப்பக் காந்திபுரம் பார்சல் ஆபீஸுக்குப் போனேன். சேசிஸ் ஒரு பெட்டி, கூண்டு ஒரு பெட்டி. புக்கிங் கிளார்க் கேட்காமலேயே மதிப்புக் கட்டத்தில் 500 என்று எழுதிவிட்டார்.

"முப்பத்தி ரெண்டாயிரம் போடுங்க."

"ஏனுங்க, பழைய ரேடியோதானுங்களே? எஃப்.ஓ.வி. ஏறுமுங்க."

"ஏறட்டுங்க."

என்னை ஒருமுறை, பெட்டியை ஒருமுறை பார்த்தார். 500-ஐ அடித்துவிட்டு மேலே எழுதப் போனவரை நிறுத்தி, அடித்தல் திருத்தல் இல்லாமல் புது எல்.ஆர். கேட்டேன்.